அறுநூற்றுப் பதினோராவது கேள்வி

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். சும்மா வாயால் செய்கிற சத்தியம் இல்லை. கண்புரை எடுத்த வலது கண்மேல் ஒரு கை, எடுக்காத இடது கண்மேல் ஒரு கை வைத்துச் செய்கிறேன். இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டிருப்பதால் நீங்கள் நம்புகிற முகத்தோடு இருக்கிறீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததும் நல்லதுதான்.

எங்கள் ஊர் சமுதாய வானொலியில் முப்பத்தோரு வருடம் 'கொஞ்சம் பேசுவோமா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினேன். கலைஞர்களையும் போராட்டக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கலை, அரசியல், ஏறிவரும் கடல், ஏறிவிட்ட வெயில் எல்லாவற்றையும் பற்றிப் பேசவைப்பேன். அமைச்சர்களின் சிலைகளை உப்பில் செய்துவைத்து முதல் மழைக்காகக் காத்திருந்த சிற்பி ஒருவர் வந்தார். மூன்று வருடம் மழை வரவில்லை. அமைச்சர்கள் மாறினார்கள், சிலைகள் அப்படியே நின்றன. பனைமரங்களுக்கு வாக்காளர் அட்டை கேட்டு வழக்குப் போட்டவர் வந்தார். ஆயிரத்து இருநூறு பனையும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்து எல்லாக் கட்சிகளும் அவரை எதிர்த்தன. சரித்திரத்திலேயே எல்லாக் கட்சிகளும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான்.

இவர்களெல்லாம் ஒருமுறை, இருமுறை வந்தவர்கள். அறுபத்து மூன்று முறை வந்தவள் செலஸ்டினா. சங்குமுனைக் குப்பத்துக்காரி, வீதி நாடகம் போடுகிறவள். நாடகத்தில் அவளுக்கு ஒரே வேஷம்தான், கடல். நீலத் தார்ப்பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குள் நுழைவாள். "பேரு கடல். போன வருசம் சங்குமுனை நாலாந்தெருவுல குடிவந்துட்டேன். இருப்பிடச் சான்றிதழ் வேணும்" என்று விண்ணப்பத்தை நீட்டுவாள். புதிதாகச் சேர்ந்த கிளார்க் ஒருவர் அதை வாங்கிப் படித்து, 'ஆதார் நகல் இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொண்டு ஆறு மாதம் ஊர் ஊராக நாடகம் போட்டாள்.

சங்குமுனையின் வழக்கு சின்னது. நகரத்தைக் கடலிடமிருந்து காப்பாற்ற இருபத்திரண்டு அடி உயரத்தில் ஒரு சுவர் கட்டத் திட்டம். சுவருக்கு உள்ளே இரண்டு லட்சம் வீடுகள், வெளியே நானூற்றுப் பன்னிரண்டு. அந்த நானூற்றுப் பன்னிரண்டுதான் சங்குமுனை.

2039 மே மாதம், கலெக்டர் அலுவலக வாசலில் தார்ப்பாயோடு கடலாக நின்றவள், நாற்பத்தேழு டிகிரி வெயிலில், மதியம் ஒன்றேகாலுக்கு விழுந்தாள். நாடகத்தில் அலை விழுகிற கட்டம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவள் புருஷன் தொபியாஸும் தட்டினார். அவர்தான் முதலில் நிறுத்தினார் என்று பிறகு சொன்னார்கள். முதலில் நிறுத்தினாலும் அதற்குள் நேரமாகிவிட்டிருந்தது.

நான்கு வருடம் கழித்து, சுவர் கட்டும் கம்பெனியின் பொறியாளர் பரணிதரன் எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். சென்னைக்காரர். நல்ல மனிதர், அதனால்தான் அவரைத் திட்டுவது கஷ்டமாக இருந்தது. கையில் டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு பெட்டி. தொபியாஸையும் வரச்சொல்லியிருந்தார்.

"ஐயா, இப்ப சட்டம் மாறிடுச்சு" என்று ஆரம்பித்தார். "ஒரு திட்டத்த எதிர்த்து மனு கொடுத்தவங்க, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கறதுக்குள்ள இறந்துபோயிடறாங்க. சராசரியா பதினோரு வருஷம் ஆகுது, என்ன பண்றது? அதுக்குத்தான் மறைந்தோர் கருத்துரிமைச் சட்டம். அவங்க முன்னாடி பேசின பதிவுகள வெச்சு ஒரு குரல் செய்வோம். குரல் மட்டும் இல்ல, அவங்க எப்படி யோசிப்பாங்களோ அப்படியே யோசிச்சுப் பேசும். கூட்டத்துல அவங்க கருத்தச் சொல்லும்."

"பொறவு?" என்றார் தொபியாஸ்.

"கூட்டம் முடிஞ்சதும் அழிச்சிடணும். விதி அப்படி."

"அவளுக்கு இது ரெண்டாந்தரம்."

பரணிதரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"இது உங்க மனைவியோட குரல்தான்னு நீங்க கையெழுத்துப் போடணும், ஐயா. ஒரு தடவ கேட்டுப் பாருங்க. எல்லாம் சாரோட நிகழ்ச்சியிலேருந்து எடுத்ததுதான். அறுபத்து மூணு நிகழ்ச்சி."

பெட்டி பேசியது. "எல்லாருக்கும் வணக்கம். வளர்ச்சிக்கி நாங்க எதிரி கெடையாது. நகரத்து சனங்களும் எங்க சனங்கதான். எங்க கோரிக்க எல்லாமே பேசித் தீத்துக்கிடுத மாதிரிதான் இருக்கு."

அச்சு அசல் செலஸ்டினா. ஒவ்வொரு வாக்கியமும் அவள் என் எதிரே உட்கார்ந்து சொன்னதுதான். தொபியாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெட்டியிடம் நாலைந்து கேள்வி கேட்டார். வீட்டைப் பற்றி, வலையைப் பற்றி, சுவரைப் பற்றி. பெட்டி பளிச் பளிச்சென்று பதில் சொன்னது.

"கொரலு அவதான்" என்றார் கடைசியில். "ஆளு அவ இல்ல."

"என்ன வித்தியாசம், ஐயா? சொன்னீங்கன்னா சரி பண்ணிடலாம்."

"எங்க வீட்டுல ஒரு கேள்வி கேட்டா, பதில் வாரதுக்குள்ள நான் ரெண்டு பீடி குடிச்சு முடிச்சிருவேன். இது நான் வாய மூடுமுன்ன சொல்லுது. என்னவே இது, ரேசன்கட பில்லு மிசினா? அதுபோவ, அவ ஒருநாளும் பதிலோட நிறுத்தமாட்டா. திருப்பிக் கேப்பா. கேட்டுக்கிட்டே இருப்பா. இவ என்ன, ஒண்ணுமே கேக்கமாட்டக்கா?"

அந்த இரண்டு பீடி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

வானொலியில் மௌனம் கூடாது. மூன்று விநாடி சத்தம் வராவிட்டால், கேட்கிறவர் பெட்டியைத் தட்டுவார். ஆறு விநாடி வராவிட்டால் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். செலஸ்டினாவோடு இரண்டு மணி நேரம் பதிவு செய்தால் இருபத்தெட்டு நிமிடம் தேறும். மீதியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம், அல்லது என்னைத் திருப்பிக் கேள்வி கேட்ட நேரம். விருந்தாளி கேள்வி கேட்பது எங்கள் மரபில் இல்லை, கேட்பது என் வேலை. நேரமும் போதாது. ஆகவே வெட்டினேன். நல்ல கை எனக்கு, வெட்டிய இடம் தெரியாது. ஒரு யோசனையும் இல்லாமல், ஒரு கேள்வியும் இல்லாமல், கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொல்லும் ஒரு பெண்ணை அறுபத்து மூன்று முறை காற்றில் விட்டேன். அந்தப் பெண்ணைத்தான் கம்பெனி பெட்டிக்குள் வைத்திருந்தது.

வெட்டியதை நான் எறிந்ததில்லை. 'குப்பை' என்று எழுதி ஒட்டிய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. தொண்ணூற்றாறு மணி நேரம். எடை போட்டுப் பார்த்தேன், காலியான டிஸ்கைவிட நாற்பது கிராம் கூடுதல். அதைத் தொபியாஸின் பெயரில் பரணிதரனிடம் கொடுத்தேன். குடும்பத்தார் கூடுதல் பதிவுகள் கொடுத்தால் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் இருந்தது.

"பாதிக்கு மேல சத்தமே இல்லையே, சார். இதுலேருந்து அது என்ன கத்துக்கும்?"

"தெரியாது, தம்பி. எதிர்ல உக்காந்திருந்த நானே கத்துக்கலை."

கூட்டம் சங்குமுனைப் புயல் பாதுகாப்பு மையத்தில் கூடியது. சப்-கலெக்டர் மேகலை தலைமை. கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண், எறும்பிடம் பேசினாலும் மரியாதையாகப் பேசுவார். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெட்டியை வைத்து, அதன் முன்னால் 'திருமதி செலஸ்டினா (மறைவு)' என்று பெயர்ப்பலகையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்துத் தொபியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, இந்தத் திட்டத்தப் பத்தி உங்க கருத்தச் சொல்லுங்க" என்றார் மேகலை.

பெட்டி பேசவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கம்பெனி வழக்கறிஞர் எழுந்து, விதி பதினான்கின்படி ஐந்து நிமிடம் கருத்துச் சொல்லாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று பதிவு செய்யவேண்டும் என்றார். மேகலை பேனாவைத் திறந்தார். முன்பாவது நாலு நல்ல வார்த்தை சொன்னாள். குப்பையைக் கொட்டி ஊமையாக்கிவிட்டேனே என்று தோன்றியது. தொபியாஸ் மட்டும் பற்றவைக்காத ஒரு பீடியை வாயில் வைத்துக்கொண்டு கல்மாதிரி உட்கார்ந்திருந்தார். நான்காவது நிமிட முடிவில் அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"சார்" என்றது பெட்டி. "சுவத்துல மோதுத அல எங்க போவும்?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "எம்மா!" என்று அலறி, வாயைப் பொத்திக்கொண்டார்.

பரணிதரன் எழுந்தார். "ரெண்டு பக்கமும் திரும்பும்மா."

நீண்ட மௌனம். "திரும்பி?"

"தெற்குப் பக்கம் பாறை. அதனால வடக்க வரும்."

"வடக்கன்னா எங்க?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். "இங்கதான். நாம உக்காந்திருக்கற இடம்."

"எத்தன அடி?"

"நாலரை. எட்டாவது இணைப்புல போட்டிருக்கோம்."

"எட்டாவது இணைப்ப யாரெல்லாம் படிச்சிருக்கிய?"

பரணிதரன் வழக்கறிஞரைப் பார்த்தார், வழக்கறிஞர் மேகலையைப் பார்த்தார், மேகலை மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரும் படிக்கலைங்க" என்றார் மேகலை.

"எழுதிக்கோங்க, மேடம்."

எழுதினார். விதி பதினேழு அப்படி. கூட்டத்தில் எழுப்பப்படும் ஒவ்வொரு கேள்வியும் பதிவு செய்யப்படவேண்டும். யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டதோ அவர் பதில் சொல்லும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது. பதினான்கை எழுதியவர்களும் பதினேழை எழுதியவர்களும் வேறு வேறு அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவர்கள் என்றால் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார்கள். செலஸ்டினாவுக்குப் பசி இல்லை, தாகம் இல்லை, பஸ் பிடிக்கவேண்டியதில்லை. காலை பத்து முதல் மாலை ஐந்துவரை ஒன்பது நாள் கேட்டாள். மூன்றாம் நாள் வழக்கறிஞருக்குக் காய்ச்சல். நான்காம் நாள் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது, பேட்டரி மாற்றியும் ஓடமாட்டேன் என்றது. ஆறாம் நாள் பெருக்கு நேரத்தில் கடல் உள்ளே வந்தது. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"மேடம், காலு நனையுதா?" என்றது பெட்டி.

"நனையுதுங்க."

"எழுதிக்கோங்க."

அது நானூற்று முப்பத்திரண்டாவது கேள்வி. பதிவேட்டில் மேகலையின் கையெழுத்தோடு இருக்கிறது.

ஐந்தாம் நாளைத் தாண்டி வந்துவிட்டேன். தெரியாமல் இல்லை. சத்தியம் செய்துவிட்டதால் திரும்பிப் போகிறேன்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டி, "அண்ணாச்சி இருக்காவளா?" என்றது.

எழுந்து நின்றேன். "இருக்கேம்மா."

"ஒங்க வீடு சுவத்துக்கு உள்ளயா, வெளியயா?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் முதலில் கேட்டது பதினேழாவது நிகழ்ச்சியில். பிறகு வந்த நாற்பத்தாறிலும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள், கோபமே இருக்காது. நாற்பத்தேழு முறையும் வெட்டினேன். நேரம் போதாததால் என்று மேலே எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு நிமிடத்தில் அதற்கு இடமா இல்லை?

"உள்ள" என்றேன்.

"எழுதிக்கோங்க, மேடம்."

யாரும் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன்.

ஒன்பதாம் நாள் மாலை நான்கு மணிக்கு அறுநூற்றுப் பத்தாவது கேள்விக்கும் பரணிதரன் பதில் சொல்லி முடித்தார். தாடி வளர்ந்திருந்தது. எட்டு இணைப்புகளும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. பதில் எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் எழுதினால் போதும், சுவரை நிறுத்தவேண்டியதில்லை. கூட்டம் முடிந்தது என்று கையெழுத்தானால் மறுவாரம் வேலை ஆரம்பம். சட்டம் கேட்பதற்குத்தான் இருந்தது, கேட்டபடி நடப்பதற்கு இல்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் இது எங்களுக்கு உறைத்தது.

"வேற கேள்வி இருக்குதுங்களா, அம்மா?" என்றார் மேகலை.

மௌனம். அவளுடைய மௌனங்களிலேயே நீளமானது அது.

"இங்கேருங்க" என்றது பெட்டி. "நாம எப்பம் வீட்டுக்குப் போவோம்?"

இதை நான் விளக்கவேண்டும். ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் செலஸ்டினா ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிச் சாவியோடு காத்திருக்கும் தொபியாஸைப் பார்த்து இப்படித்தான் கேட்பாள். பதிவு ஓடிக்கொண்டேயிருக்கும். அவர் தூரத்திலிருந்து "இந்தா, இப்பமே போவோம்ளா" என்பார். அதன்பிறகு கதவுச் சத்தம். அத்தோடு கோப்பு முடியும். அறுபத்து மூன்றும் அப்படித்தான் முடிகின்றன.

"ஒண்ணும் இல்ல, மேடம்" என்றார் பரணிதரன். "பதிவுகளோட கடைசியில அந்தக் கேள்வி வருது. முடியப்போகுதுன்னு தெரிஞ்சா அதக் கேக்கும். அவ்வளவுதான். அது ஒரு..." அதோடு உட்கார்ந்துவிட்டார்.

"கேள்வி அறுநூத்திப் பதினொண்ணு" என்று எழுதினார் மேகலை. "ஐயா, உங்களத்தான் கேக்கறாங்க. பதில் சொன்னீங்கன்னா பதிஞ்சு முடிச்சுக்கலாங்க."

தொபியாஸ் எழுந்தார். நான்கு வருடமாக ஒரு முறை, ஒரே ஒரு முறை அந்தக் குரலுக்குப் பதில் சொல்லக் கிடைக்காதா என்று இருந்த மனிதர். உதடு 'இ' என்று பிரிந்ததைப் பார்த்தேன். அப்படியே நின்றார். பிறகு துண்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா?" என்றார் பரணிதரன் மெதுவாக. "ஒரு வார்த்தைதானே. அவங்களுக்காக."

துண்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்து மட்டும் பேசினார் தொபியாஸ். பெட்டியின் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லிட்டா நீரு பெட்டிய அணச்சிருவீரு. மேடம் பேனாவ மூடிருவாவ. அடுத்த வாரம் லாரி வந்துரும். சொல்லமாட்டேன், தம்பி. அவ கேட்டுக்கிட்டே கெடக்கட்டும்."

மேகலை விதி பதினேழைத் திறந்து, சத்தம் போட்டுப் படித்தார். பதில் வராத கேள்வி இருந்தால் கூட்டத்தை அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்க வேண்டும். படித்து முடித்துவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் படித்தார்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அந்தக் கூட்டம் கூடுகிறது. மேகலை மாற்றலாகிப் போய், அவருக்குப் பின் வந்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார். பரணிதரன் வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் வருகிறார், எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார். பெட்டியை நாற்காலியில் வைக்கிறார்கள். வேறு கேள்வி உண்டா என்கிறார்கள். அவள் கேட்கிறாள். சில மாதம் விளையாட்டாக, சில மாதம் அலுப்பாக. போன ஆடியில் கோபமாகவே கேட்டாள்: "என்ன, காது கேக்கலியா? நாம எப்பம் வீட்டுக்குப் போவோம்?" தொபியாஸ் துண்டைக் கடித்துக்கொண்டு, தாரைதாரையாகக் கண்ணீர் வழிய, பதிலுக்காக அவர்கள் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தையும் தாண்டிவிடுகிறார். ஒத்திவைக்கிறார்கள். சங்குமுனை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் நான் அவர் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்வேன். என்னைச் சுவர் வரவேண்டிய இடத்துக்கு உள்பக்கம் இறக்கிவிட்டுத் திரும்புவார். போகிற வழியில், குப்பத்தைத் தாண்டி, பெட்டிக்கு நிச்சயமாகக் கேட்காது என்கிற தூரம் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்.

"இந்தா, இப்பமே போவோம்ளா" என்பார் ரோட்டைப் பார்த்து. "இந்தா வந்துட்டோம்ளா."

நான் கேட்காததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண்களைப் பொத்திய கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: சங்குமுனைச் சுவர், அவசரப் பொதுநலப் பணி என்ற வகையில் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு, 2042 பிப்ரவரியில் கட்டி முடிக்கப்பட்டது. அப்படி ஒரு கூட்டம் ஒருநாளும் கூடவில்லை.